தம்பிக்கு முன்பணம், எனக்குப் பின்பணம்

2003 மே மாதம் ஒரே வாரத்தில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு பேர் வேலைக்குப் போனோம். செவ்வாய்க்கிழமை தம்பி, வெள்ளிக்கிழமை நான். அவனுக்குப் பன்னிரண்டு வயது, எனக்குப் பதினான்கு. அவன் போனது மகாராஷ்டிரத்தில் ஒரு முறுக்கு கம்பெனிக்கு, நான் போனது வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லுக்கு. உசிலம்பட்டி வட்டாரத்தில் அப்போது இது ஒரு செய்தியே இல்லை. "பய முறுக்குக்குப் போயிருக்கான், பிள்ள மில்லுக்குப் போயிருக்கு" என்றால் கேட்டவர்கள் தலையாட்டிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள்.

இருபது வருஷத்துக்கு மேல் ஆன கதையை இப்போது எழுதக் காரணம் உண்டு. போன மே மாதம் பத்தாவது ரிசல்ட் வந்த நாலாம் நாள், தம்பி வீட்டுக்கு ஒரு புரோக்கர் வந்து அவன் மகளை மில் வேலைக்குக் கேட்டிருக்கிறார். தம்பி போனில் சொன்னபோது அவன் குரலில் பாதி சம்மதம் இருந்தது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. மறுநாள் கிளம்பிப் போய் அவனிடம் என்னவெல்லாம் சொன்னேனோ அதைத்தான் இங்கேயும் எழுதுகிறேன். எனக்கு அன்றைக்கு இதைச் சொல்ல ஆளில்லை. சொல்லியிருந்தாலும் எங்கள் வீட்டில் கேட்டிருப்பார்களா என்பது வேறு விஷயம்.

முதலில் பணம். அந்த வருஷம் அப்பா கிணறு வெட்டிக் கடனாளியாகியிருந்தார். பத்தாயிரம் ரூபாய், மூணு வட்டி. முறுக்கு கம்பெனிக்காரர் வந்து கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து, ஐயாயிரம் ரூபாயை எண்ணி அப்பா கையில் கொடுத்தார். ஒரு வருஷத்துக்கான அட்வான்ஸ். தம்பி வாசல்படியில் உட்கார்ந்து நோட்டை எண்ணுவதையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு அப்படி யாரும் பணம் கொண்டுவரவில்லை. எனக்கு வந்தது ஒரு மஞ்சள் நோட்டீஸ். மூன்று வருஷம் முடித்தால் மொத்தமாக 30,000 ரூபாய், தங்க இடம், மூணு வேளைச் சாப்பாடு, டிவி, கோயிலுக்குக் கூட்டிப்போவார்கள் என்று போட்டிருந்தது. சுமங்கலித் திட்டம் என்று ஊரில் பெயர். சில மில்களில் மாங்கல்யத் திட்டம் என்பார்கள், சில இடங்களில் கேம்ப் கூலி. பெயரிலேயே தாலி இருப்பதைக் கவனியுங்கள்.

இந்த வித்தியாசம் எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது. பையனுக்கு முன்பணம், பொண்ணுக்குப் பின்பணம். தம்பியின் உழைப்பு வீட்டின் இன்றைய கடனை அடைக்கப் போனது. அதனால் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் அவனை நினைத்து மனசு உறுத்தியது. ஊருக்கு வந்தால் கறி எடுத்தார்கள். என் உழைப்போ என் கல்யாணத்துக்கு நானே சேர்ப்பது. "அவளுக்குத்தானே அவ சம்பாதிக்கிறா" என்பதில் யாருக்கும் குற்ற உணர்ச்சிக்கே இடமில்லை. வரதட்சணை கொடுக்க வேண்டும் என்பதை எல்லாரும் மழை வெயில் மாதிரி ஏற்றுக்கொண்டுவிட்டதால், பதினாலு வயசுப் பிள்ளை அதற்காக உழைப்பதும் இயல்பாகிவிட்டது. இதே வரதட்சணைக்குப் பயந்து பெண் குழந்தை பிறப்பதையே விரும்பாத ஊர் என்று எங்கள் வட்டாரத்தின் பெயர் பேப்பரில் அடிபட்ட காலம் ஒன்று உண்டு. அதே பயம்தான் தப்பிப் பிழைத்த எங்களை மில் பஸ்ஸில் ஏற்றியது.

பள்ளியிலிருந்து நின்ற காரணமும் இருவருக்கும் வேறு வேறு. தம்பிக்குக் கணக்கு வராது, வாத்தியாரிடம் அடி வாங்கினான், "படிப்பு ஏறல" என்று முடிவானது. நான் நன்றாகத்தான் படித்தேன். எட்டாவது வரைக்கும் உள்ளூரில் பள்ளிக்கூடம் இருந்தது. ஒன்பதாவதுக்கு நாலு கிலோமீட்டர் நடக்க வேண்டும், வழியில் ஆளில்லாத கண்மாய்க்கரை. நான் வயசுக்கு வந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. நாலு கிலோமீட்டர் நடந்து படிக்கப் போவது ஆபத்து, எண்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு காம்பவுண்டு சுவருக்குள் பூட்டி வைப்பது பாதுகாப்பு என்று வீட்டில் பேசி முடித்தார்கள். புரோக்கர் அக்கா அந்தச் சுவரைச் சொல்லித்தான் என்னை வாங்கினார். "பத்தடி செவரு மதினி, காக்கா கூட உள்ள வராது" என்று அம்மாவிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

அதற்கு முன்னால் நான் வேலை செய்யாமல் இருந்தேன் என்று நினைக்க வேண்டாம். ஒன்பது வயதிலிருந்து அடுப்படி என்னுடையது. காலையில் நாலு குடம் தண்ணீர், சாணி அள்ளுவது, சின்னப்பிள்ளையாக இருந்த தங்கச்சியை இடுப்பில் வைத்துக்கொண்டே சோறு வடிப்பது. ஒருமுறை கணக்கெடுக்க ஒரு சார் வந்தார். பிள்ளைகள் ஏதாவது வேலைக்குப் போகிறார்களா என்று கேட்டார். அம்மா, "பய லீவுல ஆடு மேய்க்கப் போவான் சார். இவ எங்க போறா, வீட்டுல சும்மாதான் இருக்கா" என்றார். அந்த நிமிஷம் என் கையில் அரிவாள்மனை, முன்னால் ஒரு கூடை வெங்காயம். அவரும் பார்த்தார். என் பெயருக்கு நேரே எதையும் எழுதாமல் போனார்.

இப்போது நான் ஒரு இ-சேவை மையத்தில் வேலை பார்ப்பதால் கையில் கம்ப்யூட்டர் இருக்கிறது, ஓய்வில் இதையெல்லாம் தேடிப் படிப்பேன். 2011 கணக்கெடுப்பில் இந்தியாவில் 5 முதல் 14 வயது வரை வேலை செய்யும் பிள்ளைகள் ஒரு கோடியே ஒரு லட்சம். அதில் பையன்கள் சுமார் 56 லட்சம், பெண்கள் 45 லட்சம். உலக அளவில் 2020க்கு சர்வதேசத் தொழிலாளர் அமைப்பான ஐ.எல்.ஓ.வும் யுனிசெஃப்பும் சேர்ந்து போட்ட மதிப்பீட்டில் மொத்தம் 16 கோடி, அதில் பையன்கள் 9.7 கோடி, பெண்கள் 6.3 கோடி. இதைப் பார்த்தால் பையன்கள்தான் அதிகம் கஷ்டப்படுகிறார்கள் என்று தோன்றும். ஆனால் அதே மதிப்பீட்டில் இன்னொன்றும் இருக்கிறது. வாரத்துக்கு 21 மணி நேரமோ அதற்கு மேலோ வீட்டு வேலை செய்வதையும் கணக்கில் சேர்த்தால், 14 வயது வரையிலான பிள்ளைகளில் ஆண் பெண் இடைவெளி ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிடுகிறது. அந்த வரியைப் படித்ததும் எனக்கு வெங்காயக் கூடைதான் ஞாபகம் வந்தது. வாரம் 21 மணி என்றால் நாளுக்கு மூணு மணி. எனக்கு அது காலையிலேயே முடிந்துவிடும்.

சரி, மில்லுக்கு வருகிறேன். சேர்வதற்கு முன்னால் புரோக்கர் அக்கா என்னை டவுனில் ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனார். அவர் வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லைப் பார்த்துவிட்டு, 18 வயது என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். 50 ரூபாய். அந்தச் சீட்டுதான் என் வாழ்க்கையில் நான் வாங்கிய மிக விலை உயர்ந்த பொருள், காரணம் பின்னால் வரும். அப்போது அமலில் இருந்த 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டப்படி, 18 நிறையாத பெண்ணைக் காலை 6 மணியிலிருந்து மாலை 7 மணி வரைக்கும் தவிர வேறு நேரத்தில் வேலைக்கு நிறுத்தக் கூடாது. அந்தச் சீட்டு இருந்ததால் நான் முதல் வாரமே ராத்திரி ஷிப்டு பார்த்தேன்.

என்னை ஸ்பின்னிங்கில் சைடு பார்க்கப் போட்டார்கள். நீள மிஷின், வரிசையாக நூற்றுக்கணக்கான ஸ்பிண்டில் (நூல் சுற்றும் கதிர்) சுற்றிக்கொண்டே இருக்கும். நூல் அறுந்தால் அந்த ஸ்பிண்டிலைப் பிடித்து நிறுத்தி, நூல் நுனியைத் தேடி எடுத்து, வளையத்துக்குள் நுழைத்து, மேலே ரோலரிலிருந்து இறங்கும் பஞ்சோடு ஒட்ட வேண்டும். ஒரு இழையை ஒட்டி முடிப்பதற்குள் அந்தக் கோடியில் இரண்டு அறுந்திருக்கும், நடக்க வேண்டும், இல்லை ஓட வேண்டும். ஆள்காட்டி விரலின் ஓரத்தில் நூல் அறுத்து அறுத்து ஒரு பள்ளம் விழும். நூல் அறுந்துபோகக் கூடாது என்பதற்காக உள்ளே எப்போதும் சூடும் ஈரமுமாக வைத்திருப்பார்கள். புருவத்தில், மூக்குக்குள், சாப்பிடும் தட்டில் எல்லாம் பஞ்சு. மாதவிலக்கு வலி என்று சொன்னால் சூப்பர்வைசர் ஒரு மாத்திரை தருவார். என்ன மாத்திரை என்று கேட்கும் பழக்கம் எங்களுக்கு இல்லை, போட்டால் அடுத்த எட்டு மணி நேரம் நிற்கலாம்.

இந்த வேலையை நான் மூன்று வாரத்தில் கற்றுக்கொண்டேன். ஆனால் பேப்பரில் மூன்று வருஷத்துக்கும் நான் அப்ரண்டிஸ், அதாவது பயிற்சியில் இருப்பவள். அதே மில்லில் ஆண்களும் இருந்தார்கள். அவர்கள் பிட்டர், எலக்ட்ரீஷியன், சூப்பர்வைசர். பிட்டருக்கு உதவியாக வந்த பையன்கள் மிஷினைப் பிரித்து மாட்டக் கற்றுக்கொண்டு, இரண்டு வருஷத்தில் வேறு மில்லுக்கு அதிகச் சம்பளத்துக்குத் தாவினார்கள். எங்களுக்கு யாரும் ஸ்பானரைத் தொடக் கொடுத்ததில்லை. பெண்பிள்ளைக்கு விரல் மெலிசு, பொறுமை அதிகம், எதிர்த்துப் பேசாது, கல்யாணம் ஆனால் போய்விடும் என்பதுதான் எங்களைத் தேடித் தேடி எடுத்ததற்குக் காரணம். இதை நானாகச் சொல்லவில்லை, சூப்பர்வைசர் புதிதாக வந்தவரிடம் எங்கள் முன்னாலேயே விளக்கினார். அதனால் உங்கள் வீட்டுப் பெண்ணுக்குப் "பயிற்சி" என்று யாராவது சொன்னால், பயிற்சி முடிந்ததும் அவளுக்கு என்ன தெரிந்திருக்கும், அதை வைத்து வேறு எங்கே வேலை கிடைக்கும், கையில் என்ன சான்றிதழ் தருவீர்கள் என்று கேளுங்கள். மழுப்பினால் அது பயிற்சி கிடையாது, குறைந்த கூலிக்கு வைத்த பெயர்.

சம்பளம் நாளுக்கு 35 ரூபாய். மாதம் 26 நாளுக்கு 910. சாப்பாட்டுக்கு நாளுக்கு 15 ரூபாய் வீதம் 450 பிடித்துவிடுவார்கள். மிச்சம் 460, அதிலும் பி.எஃப். பிடிப்பார்கள். நோட்டீஸில் சாப்பாடு இலவசம் என்றுதான் போட்டிருந்தது. வார்டன் மேஜையில் இருக்கும் போனில் ஞாயிற்றுக்கிழமை ஐந்து நிமிஷம் பேசலாம், வார்டன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். அம்மா "நல்லா இருக்கியா" என்பார், நான் "இருக்கேன்" என்பேன். இப்போது யாருடைய பிள்ளையாவது அப்படி ஹாஸ்டலில் இருந்தால், முன்கூட்டியே ஒரு குறிப்பு வார்த்தை பேசி வையுங்கள். "பூனை குட்டி போட்டுச்சா" என்று கேட்டால் உடனே வந்து கூட்டிப்போ என்று அர்த்தம், இப்படி ஏதாவது. எங்களுக்கு அந்த யோசனை வரவில்லை.

2006 ஜனவரியில், 32 மாதம் முடிந்திருந்தபோது, எனக்கு மஞ்சள் காமாலை. கண்ணெல்லாம் மஞ்சளாகி, எழுந்து நிற்க முடியாமல் போன பிறகு அப்பாவுக்குப் போன் செய்து கூட்டிப்போகச் சொன்னார்கள். உடம்பு தேற மூன்று மாதம் ஆனது. திரும்பப் போனபோது, நானாக நின்றுவிட்டதாக எழுதியிருந்தார்கள். மூன்று வருஷம் முடிக்காததால் 30,000 கிடையாது. முடித்த மாதத்துக்குக் கணக்குப் போட்டாவது கொடுங்கள் என்று அப்பா கெஞ்சினார். மூன்று தடவை போனார், மூன்று தடவையும் கேட்டில் உட்கார வைத்துத் திருப்பி அனுப்பினார்கள். பஸ் செலவும் வேலை கெட்டதும் சேர்த்து அவருக்கு ஐந்நூறு ரூபாய்க்கு மேல் போனது. ஆக 32 மாதத்துக்கு என் கைக்கு வந்தது 15,000 ரூபாய்க்கும் குறைவு. அந்த 30,000 பரிசுப் பணம் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். அது தினம் தினம் எங்களுக்குத் தராமல் பிடித்து வைத்த எங்கள் கூலி என்பது பின்னால்தான் புரிந்தது. கூலியாக நினைத்திருந்தால் அப்பா சட்டையைப் பிடித்திருப்பார். பரிசு என்று நினைத்ததால் கெஞ்சினார்.

தம்பி அதற்கு முன்பே வந்துவிட்டான். அவன் கதையை நான் லேசாகச் சொல்ல மாட்டேன். விடியற்காலை நாலு மணிக்கு எழுப்பி மாவு பிசைய விடுவார்களாம், தூக்கம் மாவு மூட்டை மேலேயே. கொதிக்கிற எண்ணெய் தெறித்து இடது முழங்கை வரைக்கும் வெந்த தோல் இன்னும் அப்படியே இருக்கிறது. பதினாலு மாதத்தில் ஒருநாள் ராத்திரி சுவர் ஏறிக் குதித்து, டிக்கெட் இல்லாமல் ரயில் ஏறி, வழியில் யார் யாரிடமோ சோறு வாங்கித் தின்று வந்து சேர்ந்தான். ஊரே அவனைச் சுற்றி உட்கார்ந்து கதை கேட்டது. "எமகாதகப் பய" என்று தாத்தா முதுகில் தட்டினார். ஒரு வருஷம் தாண்டியும் அட்வான்ஸ் கழியவில்லை என்று கம்பெனிக்காரர் வந்து சண்டை போட்டார், அப்பா எப்படியோ பேசி அனுப்பினார்.

நானும் ஓடிவர நினைத்த ராத்திரிகள் உண்டு. என்னோடு வேலை பார்த்த ஒரு பெண் ஓடியே போனாள். இரண்டு நாள் கழித்து வீட்டுக்கு நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தாள். ஆனால் அந்த இரண்டு ராத்திரி எங்கே இருந்தாள் என்ற கேள்வி அவளை விடவே இல்லை. ஓடிவந்த பையன் எமகாதகன், ஓடிவந்த பெண் ஓடுகாலி. மில்லின் பத்தடிச் சுவரை விட எங்களை உள்ளே வைத்திருந்தது இதுதான். பையன்களின் வேலையில் அடியும் சூடும் அதிகம், ஆனால் தீக்காயம் வெளியே தெரியும், டீக்கடையில் கிளாஸ் கழுவும் பையனை ரோட்டில் போகிற அதிகாரி பார்க்கலாம், பிடித்துக் கேட்கலாம். எங்களை யார் பார்ப்பது?

நான் மில்லுக்குப் போனபோது வீட்டில் என் வேலை நின்றுபோகவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். தண்ணீர்க் குடமும் அடுப்பும் எட்டு வயதுத் தங்கச்சி கைக்கு மாறின. தம்பி போனதற்கு ஆடு இரண்டை விற்றதோடு சரி. ஆறாவது படிக்கும்போது தங்கச்சி பள்ளிக்கூடத்திலிருந்து நின்றாள். யாரும் நிறுத்தவில்லை, காலை வேலை முடிந்து போனால் தினமும் லேட், லேட்டாகப் போனால் வெளியே நிற்க வேண்டும், ஒருநாள் போகவில்லை, அப்புறம் போகவே இல்லை. அவளுக்குக் கம்பெனியும் இல்லை, அட்வான்ஸும் இல்லை, நோட்டீஸும் இல்லை. 2016இல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தி 14 வயதுக்குக் கீழே எந்த வேலைக்கும் வைக்கக் கூடாது என்று ஆக்கியபோதும், பள்ளி நேரம் போகவும் லீவிலும் குடும்பத் தொழிலில் உதவலாம் என்று ஒரு விலக்கு வைத்திருக்கிறார்கள். அடுப்படி தொழிலே இல்லையென்பதால் அந்த விலக்குகூட அவளுக்குத் தேவைப்பட்டிருக்காது. எங்கள் மூன்று பேரில் அதிகம் இழந்தது அவள்தான் என்பது என் எண்ணம். அவளிடம் சொன்னால், "எனக்கென்ன, நான் வீட்டுலதானே இருந்தேன்" என்கிறாள்.

வெட்கப்பட்டுச் சொல்ல வேண்டிய ஒன்று. உடம்பு தேறி வீட்டில் இருந்தபோது வார்டன் சொல்லி அனுப்பினார், ஆள் கொண்டுவந்தால் தலைக்கு 500 ரூபாய் என்று. நான் அடுத்த தெருவில் ஒரு பெண்ணைச் சேர்த்துவிட்டேன். அவளுக்குப் பதினைந்து வயது. அவள் அம்மாவிடம் நானும் அந்தச் சுவரைப் பற்றித்தான் சொன்னேன். அந்த 500 ரூபாயில் ஒரு கைக்கடிகாரம் வாங்கினேன். புரோக்கர் என்றால் மீசை வைத்த வெளியூர்க்காரர் என்று எதிர்பார்க்காதீர்கள். பையன்களுக்கு அப்படி வருவார்கள். பெண்பிள்ளைகளுக்கு வருவது அக்கா, மதினி, முன்னாடி அதே மில்லில் இருந்தவள். அவர்களை நம்புவது சுலபம் என்பதால்தான் அவர்களை அனுப்புகிறார்கள்.

2008இல் தனித்தேர்வராகப் பத்தாவது எழுதினேன், அப்புறம் பன்னிரண்டாவது. நடுவில் கல்யாணம், ஒரு பிள்ளை. இ-சேவை மையத்தில் சேர்ந்த பிறகு, ஊராருக்கெல்லாம் பி.எஃப். பணம் எடுத்துக் கொடுக்கிறோமே, நமக்கும் 32 மாதம் பிடித்தார்களே என்று 2019இல் தேடினேன். மில்லில் கொடுத்த ஒரு சீட்டில் பழைய பி.எஃப். எண் இருந்தது. கணக்கும் இருந்தது. ஆனால் அதில் நான் 1985இல் பிறந்தவள். ஆதாரிலும் பள்ளிச் சான்றிதழிலும் 1989. அந்தப் பல்லைப் பார்த்து எழுதிய சீட்டு! பிறந்த தேதியைத் திருத்த மில்காரர் கையெழுத்தும் முத்திரையும் போட்ட விண்ணப்பம் வேண்டும் என்றார்கள். மில் கைமாறிவிட்டது, புது ஆட்கள் பழைய ரெக்கார்டு இல்லை என்கிறார்கள். நாலு நாள் லீவு, இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் செலவு, பணம் இன்னும் வரவில்லை. தொகை பெரிதில்லைதான். ஆனால் என் வயதைத் திருடியது எழுத்தில் இருக்கும் ஒரே இடம் அது, விட மனசில்லை.

அதனால் காகிதம் பற்றி நான் யாரிடம் பேசினாலும் விடாமல் சொல்வது இதுதான். வயதைக் கூட்டிப் போட ஒத்துக்கொள்ளாதீர்கள், அந்தப் பொய் இருபது வருஷம் பின்னாலேயே வரும். டி.சி., மார்க் சீட் ஒரிஜினலைக் கொடுக்காதீர்கள், ஜெராக்ஸ் போதும். 18 முடிந்து உண்மையிலேயே மில் வேலைக்குப் போகிற பெண்களும் இருக்கிறார்கள், அது அவர்கள் இஷ்டம், ஆனால் சம்பளம் மாதாமாதம் அவள் பெயரில் உள்ள பேங்க் கணக்கில் முழுசாக விழ வேண்டும், ஏ.டி.எம். கார்டு அவளிடம் இருக்க வேண்டும். கடைசியில் மொத்தமாகத் தருகிறோம் என்ற பேச்சு வந்தாலே எழுந்துவிடுங்கள். பி.எஃப். எண்ணையும் இ.எஸ்.ஐ. எண்ணையும் முதல் மாதமே வாங்கி வீட்டுக் காலண்டரின் பின்னால் எழுதி வையுங்கள். பிள்ளை உள்ளே மாட்டிக்கொண்டதாகத் தெரிந்தால் 1098க்குக் கூப்பிடலாம், குழந்தைகளுக்கான இலவச எண், ராத்திரியிலும் எடுப்பார்கள். பையன்களுக்கும் இதே எண்தான். பையன் விஷயத்தில் அட்வான்ஸ் வாங்கிவிட்டோமே, எப்படிக் கூப்பிடுவது என்று தயங்குவார்கள். அட்வான்ஸைக் காட்டிப் பிடித்து வைப்பது கொத்தடிமை, 1976இலேயே அதற்குச் சட்டம் போட்டு அந்தக் கடனையும் செல்லாது என்று ஆக்கிவிட்டார்கள். என் அப்பாவுக்கு இது தெரிந்திருந்தால் கம்பெனிக்காரரிடம் அப்படித் தலைகுனிந்து நின்றிருக்க மாட்டார்.

தம்பி வீட்டுக்குப் போன கதைக்கு வருகிறேன். அவன் இப்போது லாரி ஓட்டுகிறான். தன் மகனைப் பற்றிப் பேசும்போது, "அவன எந்தக் கம்பெனிக்கும் அனுப்ப மாட்டேன், நான் பட்டது போதும்" என்பான். மகள் என்றதும், "இப்ப மில்லெல்லாம் முன்ன மாதிரி இல்லக்கா, சாப்பாடு நல்லா இருக்காம், பிள்ள பத்திரமா இருக்கும்" என்கிறான். நான் பட்டது அவனுக்குத் தெரியவே தெரியாது என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. என் கையில் காட்டுவதற்குத் தீக்காயம் இல்லை, நானும் சொன்னதில்லை. அன்றைக்குத்தான் முதல்முதலாக, பஞ்சு, மாத்திரை, காமாலை, அப்பா கேட்டில் உட்கார்ந்தது எல்லாவற்றையும் சொன்னேன். அவன் மனைவி சட்டியை இறக்கி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்து கேட்டாள். அப்புறம் கணக்குக்கு வந்தேன். மருமகள் ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளி, பன்னிரண்டாவதும் அங்கேயே முடித்துக் கல்லூரியில் சேர்ந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கே வரும், 2022இலிருந்து கொடுக்கிறார்கள், பையனுக்கும் தமிழ்ப் புதல்வன் என்று 2024இல் வந்துவிட்டது, இரண்டு பிள்ளைக்கும் ஒரே கணக்குத்தான் என்றேன். பணக் கணக்கு அவனுக்குச் சட்டென்று ஏறியது. மறுநாளே பதினொன்றாவதில் சேர்த்தோம். எனக்கு இன்னும் முழு நிம்மதி இல்லை. அன்று சாயங்காலம் மருமகள் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள், அவள் தம்பி பக்கத்தில் உட்கார்ந்து போனில் விளையாடிக்கொண்டிருந்தான். எழுந்து நாலு குடம் எடுத்து வாடா என்றேன். போனான், முணுமுணுத்துக்கொண்டே.

திரும்பும்போது உசிலம்பட்டி பஸ் ஸ்டாண்டில், நான் மில்லில் சேர்த்துவிட்ட அந்தப் பெண்ணைப் பார்த்தேன். பதினெட்டு வருஷத்துக்கு மேல் இருக்கும் பேசி. தலையில் பூ, கையில் ஒரு பையன். பேச்சு எங்கெங்கோ போய் மில்லுக்கு வந்தது. என்னை மன்னிச்சிரும்மா என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டு, "நான் மூணு வருசத்தையும் முடிச்சு முழுப் பணமும் வாங்கிட்டேன்க்கா. நீங்க மட்டும் கூட்டிட்டுப் போகலன்னா எனக்குக் கல்யாணமே ஆகியிருக்காது" என்றாள். பேசும்போது நடுநடுவே மூச்சு வாங்கிக்கொண்டாள். எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டேன். "அதுவா, மில்லுல இருந்தப்பவே வந்ததுக்கா, பனிக்காலத்துல கொஞ்சம் கூட இருக்கும்" என்றாள்.